குகிதாவில் எக்ஸ்பிரஸ் நிற்குமா

தகாசுமி
ஜூன் 8

அன்புத் தங்கை சுமியேவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. சலூனில் துவைத்துப் போட்ட துண்டு ஒன்றுகூடக் காய மாட்டேன் என்கிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ரியோஹெய் நலம்தானே? அறுபத்தாறு வயதிலும் அவர் தினமும் ரயிலேறி ஓசாகாவுக்கு வேலைக்குப் போவதை என் வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். போன வருடம் நம் அத்தை பேத்தி கல்யாணத்தில் நான் மைக்கைப் பிடித்துச் சொன்னது விளையாட்டுக்கு. "என் தங்கச்சி ஊரு குகிதால ரெண்டே பேருதான் இறங்குவாங்க. ஒண்ணு அவ புருசன். இன்னொண்ணு தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவற விட்டவன்" என்றேன். சபையே சிரித்தது. நீயும் சிரித்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கினோசே லைனில் அடுத்த மார்ச்சில் ரயில் நேரங்கள் மாறப்போகின்றன. காலை எக்ஸ்பிரஸ் இந்தப் பக்கம் இன்னும் ஒரே ஒரு ஸ்டேஷனில் நிற்குமாம். தகாசுமியா, குகிதாவா என்று ரயில் கம்பெனி மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எங்கள் கடைவீதிச் சங்கம் என்னைத் தலைவராகப் போட்டு, கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஊரில் நீதான் தலைவி என்று கேள்விப்பட்டேன். எது பெரிய ஊர், எது சின்ன ஊர் என்பது உனக்குத் தெரியாததல்ல. வீணாக அலைந்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நலம் விரும்பும்
அண்ணன் எய்சாகு


குகிதா
ஜூன் 16

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மழையிலும் ஹைட்ராஞ்சியா பூத்துக் குலுங்குகிறது. தங்கள் ஊரில் பூ வைக்க இடம் இருக்கிறதா தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் சைக்கிள் ஸ்டாண்டுதான். தங்கள் முதுகுவலி குறைந்ததா?

என் மூட்டு நன்றாக இருக்கிறது. நேற்று மட்டும் மலைச்சரிவில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். என் முட்டைக்கோஸ் அடைக் கடையில் ஒருவர் உட்கார்ந்தால், அடை வேகிற நேரத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்திருக்க முடியாது. தங்கள் சலூனில் கழுத்தில் துணி கட்டிய ஆளிடம் கத்தியோடு நின்று கையெழுத்துக் கேட்பதாக எனக்குத் தகவல். அதைவிட இது நாகரிகமானது என்று நினைக்கிறேன்.

பெரிய ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் வண்டிகள் தகாசுமியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுக் காத்துக் கிடக்கும். அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணினால் எந்த ஊரும் பெரிய ஊர்தான்.

கல்யாணத்தில் சபையே சிரித்ததை நானும் கவனித்தேன்.

வணக்கத்துடன்,
சுமியே


தகாசுமி
ஜூலை 20

தங்கைக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விலாங்கு மீன் வாங்கிச் சாப்பிட்டாயா? உடம்புக்குத் தெம்பு வேண்டும். 'தாங்கள்' என்று எழுதுகிறாய். கோபம் புரிகிறது. ஆனால் கோபத்தில் புருசனை வேவு பார்க்க அனுப்புவது நம் குடும்ப வழக்கம் இல்லை.

என் சலூன் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் வாசல் நேராகத் தெரியும். ஒரு மாதமாகப் பார்க்கிறேன். காலையில் வண்டி இங்கே எக்ஸ்பிரஸுக்காக நிற்கும்போது மாப்பிள்ளை இறங்கி வெளியே வருகிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். கடைவீதி வழியாக வேகவேகமாகப் பூங்காப் பக்கம் போகிறார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அடுத்த வண்டியில் ஏறிக்கொள்கிறார். போகும்போது முகத்தில் அப்படி ஒரு கவலை, வரும்போது அப்படி ஒரு நிம்மதி. காரியத்தை முடித்தவன் முகம். நான் என்ன குழந்தையா?

எங்கள் கூட்டத்தை எண்ணித்தான் அவர் உனக்குச் சொல்கிறார் என்று மீன்கடை கவசாக்கி அடித்துச் சொல்கிறான். எண்ணிக்கை வேண்டுமென்றால் என்னிடமே கேள், கூட்டியே சொல்கிறேன்.

மற்றபடி நலம்.
எய்சாகு


குகிதா
ஜூலை 24

அண்ணன் அவர்களுக்கு,

விலாங்கு மீன் சாப்பிட்டோம். விசாரித்ததற்கு நன்றி. தங்களுக்கு வெயிலில் தலை சுற்றல் ஏதும் உண்டா? கடிதத்தைப் படித்ததும் அதுதான் கவலையாயிற்று.

என் வீட்டுக்காரர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் நேரே ஓசாகாவில் போய்த்தான் இறங்குவார். பேனா, காகிதம் விற்கும் அந்த மொத்தக் கடையில் அவர் இல்லாவிட்டால் எந்த மை எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாதாம். அவர் எதற்குத் தகாசுமியில் இறங்கப் போகிறார்? எதைப் பார்க்க?

இருந்தாலும் தங்கள் திருப்திக்காகக் கேட்டேன். மிசோ சூப் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. "உங்க அண்ணனுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார். நானும் அதையே சொல்கிறேன்.

கண் டாக்டரைப் பார்க்கவும்.
சுமியே


ஓசாகா
ஆகஸ்ட் 6

அன்புள்ள மச்சானுக்கு,

வெயிலுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கான பதிலைத் தயவுசெய்து வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம்.

நேற்று உங்கள் சலூனுக்குள் நான் நுழைந்த விதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், சவரம் நடந்துகொண்டிருந்த ஆளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். உங்கள் ஸ்டேஷன் கழிப்பறையை இடித்துக் கட்டுகிறார்கள். பூங்காவில் இருக்கிற ஒன்றில் நேற்று எனக்கு முன்னால் ஒருவர் செய்தித்தாளோடு போய்விட்டார். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது உங்கள் கடைதான்.

நான் வெளியே வந்தபோது நீங்கள் கத்தியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, "மாப்ளே, இத்தனை நாளும் இதுக்குத்தானா?" என்றீர்கள். இதற்குத்தான். வீட்டில் இரண்டு தடவை போய்விட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனால் உங்கள் ஸ்டேஷன் வருவதற்குள் தாங்க முடிவதில்லை. அங்கே வண்டி எக்ஸ்பிரஸுக்காக அசையாமல் நிற்கும்போது, உள்ளே இருப்பவன் பாடு சொல்லத் தரமன்று. எக்ஸ்பிரஸாக இருந்தால் எப்படியாவது ஓசாகா வரை சமாளித்துவிடுவேன். குகிதாவில்தான் அது நிற்பதில்லையே.

சுமியேவிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அன்றே வேலையை விடச் சொல்வாள். பிறகு காலை முதல் மாலை வரை அவள் கடையில் முட்டைக்கோஸ் நறுக்க வேண்டும். அவள் மேற்பார்வை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் கடையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும், சவரமும் செய்துவிடுகிறேன் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் விஷயம் பிறகு பார்க்கலாம். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே.

நன்றியுடன்,
ரியோஹெய்


தகாசுமி
செப்டம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

வெயில் தணிந்து காலையில் கொஞ்சம் காற்று வருகிறது. நலமா? ஒரு மாதமாக எழுதவில்லை. வேலை அதிகம். கண் டாக்டரிடம் போனேன், நீ சொன்னது சரி. ஜன்னலில் நான் பார்த்தது வேறு யாரோ. மாப்பிள்ளை அல்ல. அவரைப் போலவே இருக்கும் ஒருவர்.

ஊரில் பொதுவாக ஒரு பேச்சு. அறுபத்தைந்து தாண்டிய ஆண்கள் வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லதாம். குறிப்பாக இடுப்புக்குக் கீழே. குறிப்பாக யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கூட்டிப்போனால் தேவலை. தர்பூசணி அதிகம் கொடுக்காதே.

எக்ஸ்பிரஸ் விஷயத்தில் நீ உன் பக்கத்தை உறுதியாகச் சொல். மலைச்சரிவில் வயதானவர்கள் நிறைய என்பதையும் மனுவில் சேர்த்துக்கொள். அது நல்ல வாதம்.

அன்புடன்,
அண்ணன்


குகிதா
செப்டம்பர் 9

அண்ணன் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். தாங்கள் நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

என் மனுவுக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். என் புருசனுக்குத் தர்பூசணி கொடுக்காதே என்கிறீர்கள். இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. அவர் எருது மாதிரி இருக்கிறார். முகம்கூட இப்போதெல்லாம் பளபளவென்று இருக்கிறது. வேலைக்குப் போகிற இடத்தில் யாரைப் பார்க்க இப்படி மழமழவென்று சவரம் செய்துகொள்கிறார் என்பதுதான் என் கவலையே தவிர, இடுப்புக்குக் கீழே ஒரு குறையும் இல்லை.

மாத முடிவில் ரயில் கம்பெனி கூட்டும் மீட்டிங்கில் சந்திப்போம். பேசுவோம் என்று எழுதவில்லை. சந்திப்போம்.

சுமியே


குகிதா
அக்டோபர் 2

அண்ணன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

நேற்று முன்தினம் மீட்டிங்கில் நீங்கள் எழுந்தபோது பதில் சொல்ல நான் தயாராக இருந்தேன். பாதி ராத்திரி வரை கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்த பதில். நீங்களோ மைக்கைப் பிடித்து, "எங்க ஊருக்கு எக்ஸ்பிரஸ் வேண்டாங்க. குகிதாக்காரங்கதான் ரொம்ப நேரம் உக்காந்து வர்றாங்க. உக்காந்தே இருக்கிறது எல்லாராலயும் முடியாதுங்க. மனுசனுக்கு அவசரம்னு ஒண்ணு இருக்கு" என்றீர்கள். கம்பெனி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உங்கள் மீன்கடை கவசாக்கி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகும் நீங்கள் விடாமல் பேசினீர்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து, "அவர் சொன்னதுதான்" என்று உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

உங்களைச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். காரணம் என்ன? எனக்குத் தெரியாமல் என்ன நடக்கிறது?

சுமியே


(இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.)


குகிதா
நவம்பர் 11

அண்ணா,

குளிர் வந்துவிட்டது. உன் சளி விட்டதா? இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. இத்துடன் காயவைத்த பெர்சிமன் பழம் அனுப்பியிருக்கிறேன்.

அவர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் புராஸ்டேட் வீக்கத்தில் கெட்ட கட்டி ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சொன்ன பிறகுதான் நான் நாற்காலியில் சாய்ந்தே உட்கார்ந்தேன். இன்னும் பத்து வருடம் ஓசாகாவுக்குப் போகலாமாம். முட்டைக்கோஸ் நறுக்கலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் பதில் சொல்வதற்குள் இவர் இருமினார்.

போன மாதம் அந்தப் புயலில் வண்டி காற்றுக்கு நடுவழியில் நின்று, இவர் உள்ளே துடித்து, கடைசியில் உன் ஸ்டேஷனில் விழுந்தார். நீ தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாய். நீ போன் செய்தாய், செய்துகொண்டே இருந்தாய். உன் பெயரைப் பார்த்து நான் எடுக்கவில்லை. அடை திருப்பிக்கொண்டிருந்தேன். போன் அடிக்க அடிக்க, இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று இருந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ரயில் ஓடாததால் சலூன் வெள்ளைக் கோட்டோடு சைக்கிளை மிதித்து அந்த மழையில் வந்து என் கடை வாசலில் நின்றாய். தலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. தலைவர் பதவியே போய்விட்ட உன்னிடம் நான் என்ன கேட்டேன்? "இங்கேயும் கையெழுத்து வாங்க வந்துட்டியா?"

நீ மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமா. ஆஸ்பத்திரில கேக்குறாங்க. பின்னால ஏறு" என்றாய்.

வழியெல்லாம் உன் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பெரிய பாலத்தின் மேல் ஒரு போலீஸ்காரர் நின்றார். இரண்டு பேர் ஒரே சைக்கிளில் போவது சட்டப்படி தப்பு என்று கையைத் தூக்கப் போனார். நம் முகத்தைப் பார்த்ததும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதற்கெல்லாம் நன்றி. ஆனால் ஆகஸ்டிலிருந்து உனக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. கடிதத்தில் தர்பூசணி பற்றி எழுதினாய். அதற்கான கோபம் தனியாக இருக்கிறது. அது போகும்வரை போன் எடுக்க மாட்டேன்.

சுமியே


தகாசுமி
டிசம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

பழம் கிடைத்தது. தேன் மாதிரி இருந்தது. சளி போய்விட்டது. மாப்பிள்ளைக்கு வெந்நீர்க் குளியல் இப்போது கூடுமா? டாக்டரிடம் கேட்டுக்கொள்.

நீ இந்நேரம் செய்தி படித்திருப்பாய். மார்ச் முதல் எக்ஸ்பிரஸ் குகிதாவில் நிற்கும். வாழ்த்துகள். எங்கள் கடைவீதியில் நான் இப்போது நடந்து போனால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போய்விடுகிறார்கள். கவசாக்கி என் சலூனுக்கு வருவதில்லை என்று சபதம். வேறு சலூனுக்குப் போகவும் அவனுக்கு மனம் இல்லை. ஆக, முடி வளர்கிறது. மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவனைப் பார்த்துப் பயந்துவிட்டுத்தான் மீனைப் பார்க்கிறார்கள். புத்தாண்டுக்குள் வந்துவிடுவான்.

தெரிந்தும் சொல்லாதது தப்புதான். ஆனால் யோசித்துப் பார். ஒரு மனிதன் உன்னைத் தவிர வேறு எதற்கும் பயப்படாமல் என் கடையில் வந்து நின்று கெஞ்சுகிறான். நான் என்ன செய்ய? அதோடு, தினமும் காலையில் சவரம் செய்துகொண்டே அவர் உன்னைப் பற்றிப் பேசுவார். புகார்தான். ஆனால் முழுக்க உன்னைப் பற்றியே பேசுவார். நீ போன் எடுக்காத அந்த நாட்களில் எனக்கு உன் சங்கதி தெரிந்தது அப்படித்தான். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


குகிதா
மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிளம் பூ உதிர்ந்து செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. நேற்று உன் வீட்டில் உபசரித்ததற்கு நன்றி. அண்ணியின் கையால் சாப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்பதைச் சாப்பிடும்போதுதான் உணர்ந்தேன். அவளுக்குக் கால் வீக்கம் குறைந்ததா?

நேற்று நடந்ததை நீ சலூனில் சொல்லப்போகிற விதம் எனக்குத் தெரியும். ஆகையால் என் தரப்பை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை, நம் இரண்டு பேர் கடைக்கும் விடுமுறை. குகிதாவில் நிற்கும் முதல் எக்ஸ்பிரஸ். தலைவி என்ற முறையில் எனக்கு மாலை போட்டு, பட்டையான ரிப்பன் குத்தி, முதல் ஆளாக ஏற்றிவிட்டார்கள். மேயர் கைகுலுக்கினார். கையில் உனக்காகச் சூடாக அடை. அப்படியே தகாசுமியில் இறங்கி உன்னைப் பார்ப்பது என் திட்டம். அதைத்தான் உனக்குக் கார்டில் எழுதியிருந்தேன்.

தகாசுமி வந்தது. பிளாட்பாரத்தில் நீ கையில் ஒரு சின்னக் கொடியோடு நின்றாய். பக்கத்தில் தலை ஒழுங்காக வெட்டிய கவசாக்கி. நான் மாலையைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனேன். வண்டியின் வேகம் குறையவில்லை. அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் கையை வைத்தபடி உன்னைக் கடந்து போனேன். அந்தப் பக்கத் தண்டவாளத்தில் நின்று போகும் வண்டி ஒன்று எங்களுக்கு வழிவிட்டு நின்றது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் புருசன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரை நான் அதுவரை பக்கத்துப் பெட்டியில் இருப்பதாக நினைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தார். மாலையோடு நான் பறந்து போவதைப் பார்த்து, உட்கார்ந்தபடியே குனிந்து வணக்கம் சொன்னார்.

எக்ஸ்பிரஸ் அடுத்து நிற்கும் ஓமிச்சியில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். நீ அதே இடத்தில் நின்றிருந்தாய்.

"வண்டி நிக்கலை" என்றேன்.

"நிக்காது. அதுக்காகத்தானே மீட்டிங்ல தொண்டை கிழியப் பேசினேன்" என்றாய்.

நான் சிரித்தேன் என்று நீ சொல்வாய். சிரித்தேன். அதற்கு மேல் நடந்ததை, அடைப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடியதை, யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அவரிடம் மாலையில் விசாரித்தேன். எக்ஸ்பிரஸில் உட்கார இடம் கிடைக்காதாம், நின்று போகும் வண்டியில் ஓசாகா வரை உட்கார்ந்து படிக்கலாமாம். உடம்பு சரியான பிறகு அவசரம் எதற்கு என்கிறார். இந்த மனிதருக்காக இரண்டு ஊர் சண்டை போட்டது.

போராடி வாங்கிய வண்டியில் தலைவியே ஏறாவிட்டால் ஊர் சிரிக்கும். எனவே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமைதோறும் எக்ஸ்பிரஸில்தான் வருவேன். உன் ஊரைத் தாண்டிப் போய், ஓமிச்சியில் இறங்கி, திரும்பி வருவேன். கடக்கும்போது இடது பக்க ஜன்னலில் நின்று கை அசைக்கிறேன். என்னைப் பார்த்ததும் டீக்குத் தண்ணீர் வைத்துவிடு. நான் வந்து சேர்வதற்கும் அது கொதிப்பதற்கும் சரியாக இருக்கும்.

உன் தங்கை
சுமியே